மழலையர் வகுப்பின் பயிற்சித்தாள்: எழுத்திலிருந்து வாசிப்புக்கு

எல்.கே.ஜி., யு.கே.ஜி. படிக்கும் குழந்தை உள்ள வீடுகளில் பாடநூலுக்கு நிகராக இன்று புழங்குபவை ஒற்றைத் தாள்கள். புள்ளிக்கோட்டில் அச்சான அகரம், பக்கத்தில் ஓர் அம்மா படம், கீழே வண்ணம் தீட்ட ஓர் அணில் என்று அமைந்த இவற்றை இணையத்திலிருந்து இறக்கி, வீட்டு அச்சுப்பொறியிலோ தெருமுனை ஜெராக்ஸ் கடையிலோ எடுத்துக்கொள்ளும் பழக்கம், 2020இலும் 2021இலும் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பரவியது. பள்ளிகள் திறந்த பிறகும் அது நின்றுவிடவில்லை. ஆசிரியர்கள் பயிற்சித்தாள் என்றும் பெற்றோர் ஒர்க்‌ஷீட் என்றும் சொல்லும் இத்தாள்கள் குழந்தைக்கு எழுத்தைப் பழக்குகின்றன என்பதில் ஐயமில்லை. வாசிக்கப் பழக்குகின்றனவா என்பது வேறு கேள்வி. தமிழ் எழுத்து முறை நான்கு, ஐந்து வயதுக் குழந்தையிடம் எதை எதிர்பார்க்கிறது என்று பார்த்தால்தான் அதற்கு விடை சொல்ல முடியும். புழக்கத்தில் உள்ள தாள்களில் கணிசமானவை ஆங்கிலத் தாளின் சட்டகத்துக்குள் தமிழ் எழுத்தைக் கொண்டுவந்து பொருத்தியவை என்பது என் கணிப்பு. சிக்கல்களில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

வாசிப்பு என்பதை இரண்டு திறன்களின் பெருக்கற்பலனாகப் பார்க்க வேண்டும் என்று 1986இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த எளிய விளக்கம் இன்றும் நிற்கிறது. எழுத்தைக் கண்டு ஒலியாக மாற்றுவது ஒன்று. அந்த ஒலி கேட்டதும் பொருள் புரிவது மற்றொன்று. இரண்டில் எது பூச்சியமானாலும் விடை பூச்சியம்தான். தமிழ் பேசும் வீட்டிலிருந்து வரும் குழந்தை, இரண்டாவது திறனில் கையிருப்போடுதான் பள்ளிக்கு வருகிறது; மாடு, மழை, பாட்டி, பசி ஆகிய சொற்களை யாரும் அதற்கு விளக்க வேண்டியதில்லை. அதற்கு இல்லாதது முதலாவது. எனவே மழலையர் வகுப்பில் வாசிப்புக்கென்று ஒரு தாள் இருந்தால், அது எழுத்தை ஒலியாக்கும் வேலையையே செய்ய வைக்க வேண்டும். வண்ணம் தீட்டுவதும் வெட்டி ஒட்டுவதும் விரல்களுக்கு நல்லவை. அவற்றை வாசிப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

எழுத்தை ஒலியாக்குவதற்கு முன்னால் காது பழகியிருக்க வேண்டும். தான் பேசும் சொல் துண்டு துண்டாகப் பிரியும் என்பதே சிறு குழந்தைக்குத் தெரியாது. 1974இல் ஐசபெல் லிபர்மேனும் அவருடைய குழுவினரும் அமெரிக்கக் குழந்தைகளிடம் ஒரு தட்டல் விளையாட்டை நடத்தினார்கள்: ஒரு குழு, சொல்லில் எத்தனை அசை (ஓர் உயிரொலியோடு சேர்ந்து ஒலிக்கும் துண்டு) என்று தட்ட வேண்டும், இன்னொரு குழு, எத்தனை தனி ஒலி என்று தட்ட வேண்டும். நான்கு வயதினரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அசை பிடிபட்டது. தனி ஒலியைப் பிரிக்க ஒருவராலும் முடியவில்லை. முதல் வகுப்பை முடிக்கும்போது பத்தில் ஒன்பது பேருக்கு அசையும், ஏழு பேருக்குத் தனி ஒலியும் வசப்பட்டிருந்தன. அசை இயல்பாக வருகிறது, தனி ஒலி பெரும்பாலும் எழுத்தைக் கற்பதோடு சேர்ந்துதான் வருகிறது என்பது அதன் பின்னர் பல மொழிகளில் உறுதியான செய்தி.

தமிழ்க் குழந்தைக்கு இது பெரிய சாதகம். ஆங்கில எழுத்து தனி ஒலியைக் குறிக்கிறது; தமிழின் உயிர்மெய் எழுத்தோ குழந்தையின் காது இயல்பாகப் பிடிக்கும் துண்டையே குறிக்கிறது. வீடு என்று சொல்லிக் கைதட்டினால் இரண்டு தட்டு. எழுதினாலும் இரண்டு எழுத்து. யானை, பூனை, மலை, குடை எல்லாம் அப்படியே. தவளைக்கும் குதிரைக்கும் மூன்று தட்டு, மூன்று எழுத்து. ஆகவே முதல் தாள்களில் எழுத்தே தேவையில்லை. படமும் அதன் கீழே வெற்று வட்டங்களும் போதும். குழந்தை சொல்லைச் சொல்லித் தட்டி, தட்டிய எண்ணிக்கைக்கு வட்டங்களில் வண்ணம் இடட்டும். சில நாள் கழித்து அதே வட்டங்களுக்குள் எழுத்து வந்து உட்காரும்போது, எழுத்து என்பது தன் வாயிலிருந்து வந்த துண்டின் அடையாளம் என்று குழந்தைக்குப் புரிந்துவிடுகிறது. ஒரு மழலையர் தாள் இதைவிடப் பெரிய காரியம் எதையும் செய்துவிட முடியாது.

புள்ளி வைத்த எழுத்து வரும்போதுதான் கணக்குத் தவறுகிறது. படம் என்பதற்குத் தட்டு இரண்டு, எழுத்து மூன்று. பட்டம் என்பதற்கும் தட்டு இரண்டுதான், எழுத்தோ நான்கு. கொக்கு, வண்டி, தக்காளி எல்லாவற்றிலும் ஓர் எழுத்து தட்டுக்குக் கிடைக்காமல் நிற்கிறது. தமிழ் வாசிப்பில் தடுமாறும் குழந்தைகளைக் கவனித்தால், அவர்கள் புள்ளியைக் காணாமல் போவதையும், பட்டம் என்பதைப் படடம் என்று இழுப்பதையும் அடிக்கடி காணலாம். கடைகளில் கிடைக்கும் பயிற்சிப் புத்தகங்கள் க் முதல் ன் வரை பதினெட்டையும் ஒரே பக்கத்தில் வரிசையாக எழுதச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. மெய்யெழுத்துக்குத் தேவைப்படுவது எதிரெதிராக வைத்த சொற்கள்: படம், பட்டம், கடை, கட்டை, சடை, சட்டை, பாடு, பாட்டு. இரண்டு படம், இரண்டு சொல், எது எதற்கு என்று வட்டமிட வேண்டும். புள்ளியைப் பார்க்காமல் இதைச் சரியாகச் செய்ய முடியாது.

இங்கே ஒரு பழைய வழக்கத்தையும் சொல்ல வேண்டும். மெய்யெழுத்தைத் தனியே உச்சரிக்க முடியாது என்பதால், முன்னால் ஓர் இகரம் சேர்த்து இக், இங், இச் என்று சொல்லிக்கொடுப்பது தலைமுறைகளாக இருந்து வருகிறது. அ, இம், மா, அம்மா என்று எழுத்துக் கூட்டுவது காதுக்குப் பழகியதுதான். சில குழந்தைகள் அந்த இகரத்தை விழுங்கிவிட்டுச் சொல்லுக்குத் தாவிவிடும். சில குழந்தைகள் அதிலேயே சிக்கி, ப, ட, இம் என்று மூன்றாகச் சொல்லிவிட்டுப் படம் என்ற சொல்லுக்கு வந்து சேராமல் நிற்கும். அத்தகைய குழந்தைக்கு மகர மெய்யை வாய் மூடி முனகிக் காட்டுவதும், பட் என்று நிறுத்திப் பிறகு டம் என்று தொடர்வதும் உதவுகின்றன. தாளில் இதற்கென்று எளிய வழி உண்டு: புள்ளி எழுத்துக்குத் தனிக் கட்டம் கொடுக்காமல், அதை முந்தைய எழுத்தோடு ஒரே கட்டத்தில் வைத்து, பட் | டம், வண் | டி, கொக் | கு என்று அச்சிட வேண்டும். அப்போது தட்டின் எண்ணிக்கையும் கட்டத்தின் எண்ணிக்கையும் மறுபடி ஒத்துப்போகின்றன.

அடுத்தது எழுத்துகளின் வரிசை. நெடுங்கணக்கு மிக நுட்பமான ஒலி ஆராய்ச்சியின் விளைவு; குறிலுக்கு அடுத்து நெடில், வல்லினத்துக்கு அருகில் அதன் இன மெல்லினம் என்று அது அடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒலியை வகைப்படுத்த ஏற்பட்ட வரிசையைக் கற்கும் வரிசையாகவும் கொண்டால், குழந்தை முதல் நாளே அகரத்தின் சுழியிலும் இகரத்தின் வளைவுகளிலும் மாட்டிக்கொள்கிறது. எழுதக் கடினமான வடிவங்களில் அவை இரண்டும் முன்வரிசையில் நிற்பவை. தவிரவும், பன்னிரண்டு உயிர்களை முடித்துப் பதினெட்டு மெய்களுக்கு வரும் வரை குழந்தையால் ஒரு சொல்லைக்கூட வாசிக்க முடியாது. ஆ, ஈ, ஏ ஆகிய ஓரெழுத்துச் சொற்கள்தான் விதிவிலக்கு. உயிர்கள் சொல்லின் தொடக்கத்தில் மட்டும் வருபவை என்பதால், வாசிக்கும் வரிகளில் அவற்றைவிட உயிர்மெய்கள் பன்மடங்கு அதிகம். கோடு கோடாக எழுதக்கூடிய ட, ப, ம ஆகியவற்றில் தொடங்கி, மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் கைவந்ததும் படம், மடம், பட்டம் என்று சொற்களுக்குள் இறங்கிவிடும் முறை தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்குப் புதியதல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007–08இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலின் அட்டைகளும் ஏணிப்படிகளும், பாடத்தைச் சிறு சிறு படிகளாக உடைத்து, ஒரு படி தேறிய குழந்தையே அடுத்த அட்டையை எடுக்க வேண்டும் என்று வைத்திருந்தன. அந்த அட்டைகளோடு ஒப்பிட்டால், இன்றைய இணையத் தாள்கள் பல அச்சில் மட்டுமே முன்னேறியிருக்கின்றன.

ஆங்கிலச் சட்டகம் தமிழில் பிசகும் இடம் இதுதான். ஏ என்றால் ஆப்பிள், பி என்றால் பால் என்ற முறை, எழுத்தையும் அந்த எழுத்தில் தொடங்கும் சொல்லின் படத்தையும் இணைப்பது. தமிழ் உயிரெழுத்துகளுக்கு இது பொருந்துகிறது. மெய்களுக்கு வரும்போது, ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் தமிழ் இலக்கணப்படி சொல்லுக்கு முதலில் வாரா. ஙகரமும் நடைமுறையில் வருவதில்லை. பதினெட்டில் பாதி போய்விட்டது. டம்ளர், ரயில், லாரி என்று கடன்சொற்களைக் கொண்டு மூன்றைச் சமாளிக்கலாம்; மற்றவற்றுக்கு வழியில்லை. அதனால்தான் ங என்றால் சங்கு, ண என்றால் வீணை, ழ என்றால் பழம் என்று போட்டுவிட்டுத் தாள் தயாரித்தவர் கைகழுவிவிடுகிறார். அதுவரை முதல் ஒலியைப் பிடிக்கக் கற்ற குழந்தை, சங்கு என்ற சொல்லில் ஙகரத்தை எங்கே தேடும்?

இதற்கு மாற்று, தமிழுக்கே உரிய ஒரு பயிற்சியைத் தருகிறது. முதல் எழுத்தைக் கேட்பதற்குப் பதிலாக, எழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். மழை, பழம், யாழ் ஆகிய மூன்று படங்களுக்குக் கீழே வெற்றுக் கட்டங்கள் இருக்க, ழகரம் எந்தக் கட்டத்தில் கேட்கிறது என்று குழந்தை சொல்லி, அந்தக் கட்டத்தில் ஒரு பொத்தானையோ புளியங்கொட்டையையோ வைக்கலாம். மீன், மான், தேன் என்று ஈற்றொலி ஒத்த சொற்களைத் தொகுப்பது இன்னொரு தாள். கண், மண் ஒரு பக்கமும் முள், தேள் இன்னொரு பக்கமும் பிரிப்பது வேறொரு தாள். சொல்லின் நடுவையும் கடைசியையும் கேட்கப் பழகிய காது, பின்னாளில் சொல்வதை எழுதும்போது மனம், மணம் என்று தடுமாறுவது குறையும்.

படம் போட்ட தாள்களில் பலரும் கவனிக்காத ஒரு பொறி உண்டு. இ என்ற எழுத்துக்கு இலை, உ என்ற எழுத்துக்கு உலகம் அல்லது உரல் என்பவை சுவர் அட்டை முதல் பயிற்சித்தாள் வரை நிலைத்துவிட்ட படங்கள். குழந்தையின் வாயில் அவை எலை, ஒலகம், ஒரல். இகரமும் உகரமும் பின்னால் அகரமோ ஐகாரமோ வந்தால் பேச்சில் எகரமாகவும் ஒகரமாகவும் தாழ்வது தமிழ்ப் பேச்சின் பொது இயல்பு. இலைப் படத்தைப் பார்த்த குழந்தை, எ என்ற எழுத்துக்குக் கோடு இழுத்தால் அதன் காது சரியாக வேலை செய்கிறது என்று பொருள். தாளோ அதற்குத் தவறு போடுகிறது. எலியும் எலையும் ஒரே ஒலியில் தொடங்குவதாகக் கேட்கும் குழந்தையிடம், எழுதும்போது இலை என்று எழுத வேண்டும் என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். தொடக்கத் தாள்களுக்குப் பேச்சிலும் எழுத்திலும் ஒரே தொடக்க ஒலி உள்ள படங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும்: இகரத்துக்கு இட்லி, உகரத்துக்கு உப்பு. படம் வரைபவரோடு சண்டை போட்டாவது இந்த மாற்றத்தைச் செய்வது தகும்.

247 என்ற எண்ணைச் சொல்லிப் பெற்றோரை மிரட்டுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் குழந்தை தனித்தனியாக மனத்தில் இருத்த வேண்டிய வடிவங்கள் அவ்வளவு இல்லை. பன்னிரண்டு உயிர், பதினெட்டு அகர உயிர்மெய், ஆய்தம், புள்ளி, பத்துக்கும் குறைந்த துணைக்குறிகள். இவற்றோடு உகர, ஊகார வரிசைகள் மட்டும் தனி வடிவம் கொண்டவை. 1978இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிடும் வரை ணா, றா, னா வரிசைகளும் ணை, லை, ளை, னை ஆகியனவும் தனி வடிவத்தில் எழுதப்பட்டன. அந்தப் பதின்மூன்று எழுத்துகளும் பொது விதிக்குள் வந்தது முதல் வகுப்புக் குழந்தைக்குக் கிடைத்த நேரடி நன்மை. அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே வீரமாமுனிவர் எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபட்ட வடிவம் தந்திருந்தார். ஆகவே துணைக்குறி என்பது ஒருமுறை புரிந்தால் பதினெட்டு எழுத்துக்கும் பயன்படும் விதி. க, கா, கி, கீ என்று குறுக்காக ஓர் எழுத்தின் பன்னிரண்டு வடிவங்களையும் எழுத வைக்கும் தாள் இந்த விதியை மறைத்துவிடுகிறது. கா, சா, டா, பா, மா என்று நெடுக்காகப் போகும் தாள் அதை வெளிப்படுத்துகிறது.

இதற்கு மிகவும் பயன்படும் அச்சுப் பொருள், இரண்டு பட்டைகளால் ஆன ஒரு சாளர அட்டை. தடித்த தாளில் ஒரு சிறு சாளரம் வெட்டி, அதன் வலப்பக்கம் துணைக்காலை அச்சிட்டு, க, ச, ட, ப, ம என்று எழுதிய பட்டையை உள்ளே இழுத்தால், ஒவ்வோர் இழுப்பிலும் ஓர் ஆகார எழுத்து தோன்றும். குழந்தை இழுக்கும், சொல்லும். எகர, ஏகார, ஐகாரக் குறிகள் எழுத்தின் இடப்பக்கம் நிற்பதால், அவற்றுக்குச் சாளரம் வலப்பக்கம் அமைந்த வேறோர் அட்டை தேவை. இந்த இடத்தில்தான் தமிழ் வாசிப்பின் உண்மையான முடிச்சு இருக்கிறது. இடமிருந்து வலமாகப் போகக் கற்ற கண், முதலில் கொம்பைக் காண்கிறது. வாயோ முதலில் மெய்யைச் சொல்ல வேண்டும். கொ, கோ ஆகியவற்றில் குறி எழுத்தின் இருபுறமும் நிற்கிறது. ஆகவே கொம்பு உள்ள எழுத்தை ஒருபோதும் பிரித்து அச்சிடாமல், ஒரே கட்டத்துக்குள் ஒரே உருவமாகக் காட்டுவது நல்லது. கர்நாடகத்தில் கன்னட எழுத்தைக் கற்கும் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இத்தகைய எழுத்து முறைகளில் குறிகளோடு கூடிய எழுத்துகள் முழுவதும் வசப்பட நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று காட்டியிருக்கிறார். யு.கே.ஜி. முடிவதற்குள் 247ஐயும் முடிக்க வேண்டும் என்று அவசரப்படும் பள்ளிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

உகர வரிசைக்கு வேறு அணுகுமுறை வேண்டும். பு, சு, யு, வு, ஙு ஆகியவற்றில் கோடு நேராகக் கீழிறங்குகிறது. து, நு, லு, று, னு, ணு, ஞு ஆகியவற்றில் வலப்பக்கம் கை நீள்கிறது. டு, மு, ரு, ழு, ளு, கு ஆகியவற்றில் கீழே வளைகிறது. நெடுங்கணக்கு வரிசையில் கு முதல் னு வரை எழுதுவதைவிட, இந்த மூன்று குடும்பங்களாகப் பிரித்துத் தாள் அமைத்தால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

குறில், நெடில் வேறுபாட்டுக்குத் தமிழ் வாரி வழங்குகிறது. பல், பால், கல், கால், மலை, மாலை, விடு, வீடு, முடி, மூடி, எடு, ஏடு, கொடு, கோடு. ஒரு குறி மாறினால் பொருள் மாறுகிறது. பொருள் மாறினால் படம் மாறுகிறது. முடி, மூடி இரண்டுக்கும் படம் போட்டு, கீழே ஒரு சொல்லை மட்டும் அச்சிட்டு, எந்தப் படம் என்று கேட்கும் தாளில் ஊகத்துக்கு இடமில்லை.

ஒரு தாள் வாசிப்புத் தாளா என்று அறிய நான் பயன்படுத்தும் உரைகல்லும் இதுதான்: எழுத்தை வாசிக்காமலேயே அதை முடித்துவிட முடியுமா? மரம் என்ற சொல்லுக்கு அருகிலேயே மரப் படமும் இருந்து, கீழே அதே சொல்லைப் பார்த்து எழுதச் சொன்னால், குழந்தை ஒன்றையும் வாசிக்காமல் அழகாக எழுதி முடிக்கும். ஐந்து சொல்லும் ஐந்து படமும் உள்ள பொருத்துகத் தாளில், நான்கைச் செய்ததும் ஐந்தாவது தானாகச் சேர்ந்துவிடும். ஆறாவதாக ஒரு படத்தைக் கூடுதலாக வைத்தால் அந்த வழி அடைபடுகிறது. எழுத்துக்கேற்ப வண்ணம் தீட்டும் தாளில் உருவத்தை ஒப்பிட்டால் போதும், ஒலி தேவையில்லை. இந்த உரைகல்லில் தேய்த்தால், இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி தேறாது என்பது வருத்தத்துக்குரிய உண்மை.

புள்ளிக்கோட்டின் மேல் எழுதுவதைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2012இல் கரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இன்னும் வாசிக்கத் தொடங்காத சுமார் ஐந்து வயதுக் குழந்தைகள் சில எழுத்துகளைக் கையால் எழுதியும், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் ஓட்டியும், சிலவற்றைத் தட்டச்சு செய்தும் பழகினார்கள். பிறகு அந்த எழுத்துகளைப் பார்க்கும்போது மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததில், வாசிப்போடு தொடர்புடைய பகுதிகள் விழித்தெழுந்தது தாமாகவே எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான். அது சிறிய அளவிலான ஆய்வு, ஆங்கில எழுத்துகளைக் கொண்டு செய்தது. ஆனாலும் கோணல்மாணலாகத் தானே எழுதும் எழுத்து, அழகாக மேலோட்டிய எழுத்தைவிட மனத்தில் பதிகிறது என்ற ஆசிரியர்களின் அனுபவத்தோடு அது ஒத்துப்போகிறது. திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலால் எழுத வைத்தார்கள். 1790களில் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தன் பள்ளியில் புகுத்தினார். பின்னர் அது, தேர்ந்த மாணவர்களே மற்ற மாணவர்களுக்குக் கற்பிக்கும் சென்னை முறையின் ஒரு பகுதியாக இங்கிலாந்துக்கும் போனது. மணலில் எழுதியதை அழித்துவிட்டு மறுபடி எழுதியாக வேண்டும். அடியில் புள்ளிக்கோடு கிடையாது. எனவே எழுத்துத் தாளில் ஒரு வரி மேலோட்டவும், அடுத்த வரி பார்த்து எழுதவும், கடைசி வரி தாளை மடித்து மறைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதவும் இடம் இருக்க வேண்டும். எங்கே தொடங்கி எப்பக்கம் போக வேண்டும் என்ற அம்புக்குறி முதல் வரியில் அவசியம். இல்லையேல் டகரத்தைக் கீழிருந்து மேலாக ஏற்றிக்கொண்டு போகும் குழந்தையை யாரும் கவனிக்கப் போவதில்லை.

அச்சிடுபவர் கவனிக்க வேண்டிய சில நடைமுறைச் செய்திகளும் உண்டு. கணினியில் துணைக்குறியை மட்டும் தனியே அடித்தால் அதனோடு ஒரு புள்ளி வட்டமும் சேர்ந்து தோன்றும். அதை அப்படியே அச்சிட்டுக் கொடுத்த தாள்கள் ஏராளம். ஒருங்குறியை (யூனிகோடு) சரியாகக் கையாளாத வரைகலை மென்பொருள்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ஒகரக் குறி உடைந்து தெரியும். பெரியவர்கள் இப்பிழைகளைக் கண்ணாலேயே திருத்தி வாசித்துவிடுகிறோம். குழந்தைக்கு அச்சில் உள்ளதே எழுத்து. தடித்தும் மெலிந்தும் மாறும் அலங்கார எழுத்துருவைத் தவிர்த்து, ஒரே தடிமனான எளிய எழுத்துருவில், ஒரு பக்கத்துக்கு நான்கைந்து சொற்களுக்கு மேல் போகாமல் அச்சிட்டால் போதும். வண்ண அச்சு தேவையே இல்லை.

அளவு குறித்தும் ஒரு வார்த்தை. பல பள்ளிகளில் தாள்கள் கோப்பாகக் கட்டப்பட்டு ஆண்டு இறுதியில் பெற்றோர் கைக்கு வருகின்றன. கோப்பின் கனம் படிப்பின் கனமாகக் கொள்ளப்படுகிறது. 2022இல் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம், மூன்று முதல் ஆறு வயது வரை குழந்தைகளுக்குப் பாடநூலே விதிக்கக் கூடாது என்கிறது. தமிழ்நாட்டில் 2019இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் அரசே மழலையர் வகுப்புகளைத் தொடங்கியது. 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து அவரவர் நிலைக்கேற்ற பயிற்சி தருகிறது. இத்தனை ஏற்பாடுகளுக்கும் தேவை இருக்கவே செய்கிறது: குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகச் சென்று சோதிக்கும் ஏசர் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடிய மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2018இல் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இருந்தனர், பெருந்தொற்றுக்குப் பிறகு 2022இல் அது ஐந்துக்கும் கீழே போனது. எழுத்து தெரிந்த குழந்தைகள் அவர்களில் நிறையப் பேர். எழுத்தைச் சேர்த்து ஓடவிடுவதில்தான் நின்றுபோகிறார்கள்.

அந்த ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் தாள்களில் எனக்கு மிகப் பிடித்தவை கட்டளைத் தாள்கள். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் விலகி நிற்பதால், போகிறான், வருகிறாள் போன்ற வினைகள் வாசித்த பின்னும் குழந்தைக்கு அந்நியமாகவே ஒலிக்கின்றன. ஏவல் வினைகளில் இந்த விலகல் மிகக் குறைவு. வா, போ, ஓடு, ஆடு, பாடு, எடு, தா, மூடு ஆகியவற்றைப் பேசுவது போலவே எழுதுகிறோம், எழுத்தும் ஒன்றிரண்டுதான். இவற்றைச் சீட்டுகளாக வெட்டி, ஒரு டப்பாவில் போட்டு, குழந்தை ஒன்றை எடுத்து வாய்விட்டுச் சொல்லாமல் படித்து, அதில் உள்ளதைச் செய்து காட்டட்டும். ஆடு என்ற சீட்டை எடுத்து ஓடினால், எங்கே பிசகியது என்று உடனே தெரிந்துவிடும். பிறகு இரண்டு சொல்: பாடு பாப்பா, கதவை மூடு, பந்தை எடு. பேனாவும் மதிப்பெண்ணும் இல்லாமல் புரிதலைச் சோதிக்க இதைவிட மலிவான வழி தெரியவில்லை.

இரண்டு சொல் தொடர் சரளமானதும் பயிற்சித்தாளைக் குறைத்துக்கொண்டு கதைக்கு நகர்ந்துவிடலாம். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் வாசிப்பு நிலை வாரியாக, அச்சிட்டுக்கொள்ளும் உரிமையோடு இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு நூல்களை வெளியிட்டிருக்கிறது. அதுவும் கிடைக்காத இடத்தில், ஓர் ஏ4 தாளை மூன்று முறை மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கப் புத்தகம் கிடைக்கிறது. பக்கத்துக்கு ஒரு படம், படத்தின் கீழ் இது மாடு, இது வீடு என்று ஒரே வரி; கடைசிப் பக்கத்தில் படத்தை விட்டுவிட்டு வரியை மட்டும் அச்சிட வேண்டும். அந்தப் படத்தைக் குழந்தை வாசித்து வரைந்துகொள்ளும்.